போர்க் ரோலும் நாலு கேமராவும்: சிட்னி சமையலறை ஒன்றில் நடந்த படப்பிடிப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பன்றிக்கறி அடைத்த ரொட்டியான வியட்நாம் போர்க் ரோலைக் கடையில் வாங்கி, கடித்துக் காட்டி, "செம" என்று சொல்லி முடிக்கிற வீடியோக்களுக்கு சிட்னியில் பஞ்சமே இல்லை. உள்ளே வைக்கிற இறைச்சி, பாதே என்கிற ஈரல் விழுது, ஊறுகாய் எல்லாவற்றையும் வீட்டு அடுப்பில் செய்து காட்டுகிறவை குறைவு, தமிழில் நான் தேடியவரை அகப்படவில்லை. அதனால் சமையல் பிளாக் எழுதுகிற நாங்கள் நாலு பேர், ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து சாயங்காலத்துக்குள் மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டோம். திட்டம் போட்ட வாட்ஸாப் குழுவிலேயே அது செத்தும் போனது. நாலு பேரில் ஒருத்தி வியட்நாம் குடும்பத்துப் பெண், அவளுடைய அம்மாதான் உண்மையில் சமைக்கப்போகிறவர். அவர் மகளிடம் சொல்லி அனுப்பிய கேள்வி இது: கறியை முந்தின நாளே அரைத்து வேகவைத்து ஆறவிட வேண்டும், ரொட்டியை அன்றைக்குக் காலையில்தான் வாங்க வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் எப்படிப் பிடிப்பீர்கள்?

பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நாங்கள் போட்டிருந்த அட்டவணை முழுக்க கேமராவை மனதில் வைத்துப் போட்டது: முதலில் ஆள் அறிமுகம், அப்புறம் பொருட்கள், அப்புறம் செய்முறை, கடைசியில் சாப்பிடுவது. பண்டத்துக்கு இந்த வரிசையைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. குழுவாகச் சமையல் படம் பிடிக்கிறவர்கள் அடித்துக்கொள்வது பெரும்பாலும் லைட், மைக், யார் முகம் எவ்வளவு நேரம் வருகிறது என்பதற்காக. ஆனால் சாப்பாடு சரியாக வந்ததா இல்லையா என்பது இதற்கெல்லாம் முன்பே, அட்டவணை போடும்போதே முடிவாகிவிடுகிறது என்பதுதான் இந்த ஒரு படப்பிடிப்பை வைத்து நான் சொல்ல வருவது.

ஆட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்நாட்டுச் சமையல் எழுதுகிறவன். இரண்டாவது ஆள் சிட்னியின் டூங்காபியில் இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணா, கேக்கும் ரொட்டியும் அவர் துறை, பன்றிக்கறி தொடமாட்டார், ஆனால் எங்கள் எல்லாரையும்விடக் கேமரா தெரிந்தவர். மூன்றாவது அந்த வியட்நாம் தோழி. நாலாவது மாரிக்வில்லில் பிறந்து வளர்ந்த கிரேக்கக் குடும்பத்துப் பையன், அந்தத் தெருக்களில் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு ரொட்டி வெளியே வரும் என்பது வரை அத்துப்படி. தோழியின் அம்மாவை நாங்கள் எல்லாரும் ஆன்ட்டி என்றே கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பன்றிக்கறி சாப்பிடாதவர் முக்கியக் கேமராவைப் பிடித்தது, யோசித்துப் பார்த்தால், குழுவுக்கு நடந்த ஒரே அதிர்ஷ்டம். மற்ற மூவரும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு இடத்திலும் அவர் மட்டும் ஃபோகஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோல் என்பது என்ன, அது சிட்னிக்கு எப்படி வந்தது

ஆஸ்திரேலியாவில் போர்க் ரோல் என்று விற்பது வியட்நாமின் பான் மி தித். ஒரு சாண் நீள ரொட்டி, மேல்தோடு மெல்லிசாக நொறுங்கும், உள்ளே பஞ்சுபோல இருக்கும். அதைப் பக்கவாட்டில் கீறி, ஒரு பக்கம் முட்டை மஞ்சள் கருவை எண்ணெயில் அடித்த வெண்ணெய் போன்ற சாஸ், மறுபக்கம் பன்றி ஈரல் பாதே, நடுவில் இரண்டு மூன்று வகைப் பன்றி இறைச்சி வில்லைகள், அதன் மேல் வினிகரில் ஊறவைத்த கேரட்டும் முள்ளங்கியும், நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரி, வெங்காயத்தாள், கொத்தமல்லி, ஊசி மிளகாய், கடைசியில் மேகி சாஸ் (சோயா சாஸ் மாதிரிக் கருப்பாக, உப்பாக இருக்கும்) நாலு சொட்டு. இறைச்சியில் தலைமைப் பதவி சா லுவாவுக்குத்தான்: கொழுப்பு நீக்கிய பன்றித் தொடைக்கறியை மாவு மாதிரி அரைத்து, மீன் சாஸ் சேர்த்து, வாழையிலையில் உருளையாகக் கட்டி அவிப்பது. வட வியட்நாமில் இதையே கியோ லுவா என்பார்கள். ஹனோய் பக்கத்து ஊக் லே கிராமம் இந்தத் தொழிலுக்கே பேர்போனது.

ரொட்டி பிரெஞ்சுக்காரர்களோடு வந்தது. பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது 1859இல். அடுத்த நூறு வருஷம் ரொட்டி என்பது பெரும்பாலும் தட்டில் இறைச்சியோடும் வெண்ணெயோடும் தனித்தனியாக வைத்துச் சாப்பிடும் சமாசாரமாகத்தான் இருந்தது. 1954இல் ஜெனிவா உடன்படிக்கையில் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். அப்படி ஹனோயிலிருந்து வந்த ஒரு தம்பதி 1958இல் சைகோனில் தொடங்கிய ஹோவா மா கடைதான், நின்று சாப்பிட நேரமில்லாதவர்களுக்காக எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே அடைத்துக் கொடுத்த முதல் கடை என்று பரவலாகச் சொல்கிறார்கள். கடை இன்னும் காவ் தாங் தெருவில் நடக்கிறது.

1975இல் சைகோன் விழுந்தது. அடுத்த ஏப்ரல் 26ஆம் தேதி ஐந்து பேரோடு ஒரு சின்ன மரப்படகு டார்வின் துறைமுகத்தில் வந்து நின்றது, படகில் ஆஸ்திரேலியா வந்த முதல் வியட்நாம் அகதிகள் அவர்கள்தான். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான், வெள்ளையரல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கையின் கடைசி எச்சங்களை எடுத்திருந்தார்கள். பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் வந்தார்கள். சிட்னியில் வில்லவுட், காப்ரமாட்டா பகுதியிலிருந்த குடியேறிகள் விடுதிகளில் தங்கி, பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து, பேக்கரி வைத்தார்கள். மாரிக்வில்லில் கிரேக்கர்கள் இருந்த தெருக்களில் வியட்நாம் கடைகள் வந்ததும் இதே காலகட்டம்தான். ஒரு காலத்தில் மூணு நாலு டாலருக்குக் கிடைத்த ரோல் இன்றைக்குப் பல கடைகளில் பத்து டாலரைத் தொட்டுவிட்டது, அதைப் புலம்பாத சிட்னிக்காரர் கிடையாது.

நமக்கும் இதில் ஒரு நூல் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்குமாக சைகோன் போனார்கள், செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள், அங்கே இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. சைகோனில் கோழிக்கறியைத் தேங்காய்ப்பாலோடு வைத்து ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் பழக்கத்தில் அங்கே போன இந்தியர்களின் கைவாசனை இருக்கிறது, திரும்பி வந்தவர்களின் புதுச்சேரி வீடுகளில் வியட்நாம் பொரித்த ரோல் இன்னும் நெம் என்ற பேரில் ஓடுகிறது. ஆன்ட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை, சைகோனில் சின்ன வயதில் துணிக்கடை வைத்திருந்த இந்தியர்களைப் பார்த்திருக்கிறாராம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம்

அட்டவணையை மறுபடி போடும்போது பண்டம் வாரியாக எழுதினோம். ஊறுகாய்: கேரட்டையும் முள்ளங்கியையும் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, ஒரு துண்டை எடுத்து வளைத்தால் உடையாமல் முனைகள் தொடுகிற பதம் வந்ததும் கழுவிப் பிழிந்து வினிகர் தண்ணீரில் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் சாப்பிடலாம், ஆனால் மறுநாள்தான் ருசி. பாதே: ஈரலை வெங்காயம் பூண்டோடு வதக்கி அரைத்து ஆவியில் வேகவைத்து ஒரு ராத்திரி குளிரவிட வேண்டும், இல்லையென்றால் தடவும்போது வழியும். சா லுவா: முந்தின நாள், விவாதமே கிடையாது. மஞ்சள் கரு சாஸ்: அன்றைக்கே செய்து அன்றைக்கே காலி செய்ய வேண்டும். ரொட்டி: காலையில் வாங்கி மதியத்துக்குள் தின்றுவிட வேண்டும். சாஸும் ஊறுகாயும் பட்ட ரோல், அரை மணி நேரம்கூடத் தாங்காது, தோடு ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

இதைப் பார்த்ததுமே வெள்ளி சாயங்காலம், சனி காலை என்று தானாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. கிரேக்கப் பையனுக்கு மட்டும் வருத்தம், வெள்ளிக்கிழமை அவனுக்கு வேலை. அவனுடைய பங்கை ரொட்டிக் கடையில் காலையில் எடுத்துக்கொள்வது என்று ஒதுக்கினோம். ரொட்டியை வீட்டில் சுடலாமா என்று அண்ணா கேட்டார், அவருக்கு அதில்தான் ஆசை. இந்தத் தோடு வருவதற்கு அடுப்புக்குள் நல்ல நீராவி வேண்டும், மாவில் ஈஸ்டும் பிரெட் இம்ப்ரூவர் பொடியும் தாராளமாக விழ வேண்டும், வீட்டு அவனில் அந்த நீராவி நிற்காது. பலர் எழுதுவது மாதிரி அரிசி மாவு கலந்தால் லேசாக வரும் என்பதை அவரே சோதித்துவிட்டு வந்திருந்தார், கனமாகத்தான் வந்ததாம். பேக்கரியில் முழுக்க கோதுமை மாவுதான். வியட்நாமிலேயே யாரும் வீட்டில் ரொட்டி சுடுவதில்லை என்று ஆன்ட்டி சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெள்ளி சாயங்காலம்: ஒரே கறி, இரண்டு பாதி

ஒரு கிலோ தொடைக்கறி, சவ்வெல்லாம் எடுத்தது. கூட நூற்றைம்பது கிராம் முதுகுக் கொழுப்பு. கறியை மெல்லிய வில்லைகளாக்கி, மீன் சாஸ், சர்க்கரை, மிளகு, உருளைக்கிழங்கு மாவு, அல்சா என்ற பிரெஞ்சு பேக்கிங் பவுடர் ஒரு பாக்கெட் (பிங்க் நிறம், வியட்நாம் கடைகளில் கட்டாயம் இருக்கும்), எல்லாம் கலந்து ஃப்ரீசரில் ஓரம் உறையும் வரை வைத்திருந்தார்கள்.

ஆன்ட்டி எதையும் அளக்கமாட்டார். மீன் சாஸ் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு சுற்று, இரண்டாவது சுற்று பாதியில் நிறுத்துவார், அவ்வளவுதான். இதை வீடியோவில் எப்படிச் சொல்வது? தோழி ஒரு டிஜிட்டல் தராசைக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு துணியைப் போட்டு மறைத்து வைத்தாள். ஊற்றும் முன் ஒரு எண், பின் ஒரு எண், அண்ணாவின் இரண்டாவது கேமரா தராசின் திரையை மட்டும் பார்த்தபடி. ஒரு கிலோவுக்கு அறுபது கிராமுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஆன்ட்டிக்குத் தராசு தெரிந்துவிட்டது, ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பொருளைப் போடும்போது கிண்ணத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டார். எங்களைக் கலாய்க்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இனி அரைப்பது. இதில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. சா லுவா இட்லி மாவு இல்லை, நேரம் கிடைக்கும்போது அரைத்துக்கொள்ள. உப்பு பட்ட கறியிலிருந்து மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வந்து பசை மாதிரி கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது, வேகும்போது அந்தப் பசை இறுகி, கடித்தால் துள்ளுகிற அந்தப் பதம் கிடைக்கிறது. இது நடக்க விழுது சில்லென்று இருக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள். சூடு ஏறினால் கொழுப்பு இளகிப் பிரிந்துவிடும், புரதமும் பிடியை விட்டுவிடும், அவித்து எடுத்தால் தண்ணீர் கக்கும், வெட்டினால் உதிரும். அந்தக் காலத்தில் மிக்ஸியும் ஃப்ரீசரும் இல்லாமல் எப்படிச் செய்தார்கள் என்றால், அப்போதுதான் வெட்டிய பன்றியின் கறியைக் கல்லுரலில் போட்டு மர உலக்கையால் இடித்தார்கள். உயிர்ச்சூடு ஆறாத கறியில் புரதம் தானாகவே நன்றாகக் கரையும். அந்தச் சூடு ஆறிப்போன கடைக்கறிக்குத்தான் ஐஸ் வேண்டும்.

கேமராவுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். ஃபுட் பிராசசரின் மூடியைத் திறந்து, விழுதைக் கரண்டியில் எடுத்து, சாய்த்து, அது வழியாமல் நிற்பதைக் கிட்டத்தில் காட்ட வேண்டும், ஒரு முறை ஃபோகஸ் போகும், இன்னொரு முறை யாராவது தும்முவார்கள். நாலு பேருக்கும் அந்த ஷாட் தனித்தனியாக வேண்டும், அதில் இரண்டு பேருக்கு நெட்டுவாக்கில், இரண்டு பேருக்குக் கிடைவாக்கில். மேலே பெரிய லைட் வேறு. இதை எதிர்பார்த்துத்தான் ஆன்ட்டி விழுதை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி உங்களுக்கு, என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாதியை அரைத்த கையோடு ஃப்ரீசர், மறுபடி ஒரு அரைப்பு, உடனே இலை.

எங்கள் பாதி மேஜையில் இருந்தபோது சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். முதல் ஷாட்டில் ஒன்பது டிகிரி, கடைசி ஷாட் முடியும்போது பத்தொன்பது. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பளபளப்பு மட்டும் கொஞ்சம் மாறி எண்ணெய் தடவியது போல இருந்தது. கரண்டியில் நின்றது, ஆனால் விளிம்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

பிறகு வாழையிலை. ஆசியக் கடைகளில் உறைந்த இலைதான் கிடைக்கும், அதை உருக்கித் துடைத்து, தணலில் வாட்டினால் கிழியாமல் மடியும். நம் ஊரில் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். நான் ஒரு பொட்டலத்தைக் கட்டியபோது ஆன்ட்டி முதல்முறையாகத் தலையாட்டினார். ஆனால் கட்டுவதில் அவருக்கு ஒரு முறை இருக்கிறது: இலையைச் சுற்றியதும் ஒரு முனையை மடித்து மேஜையில் தட்டி, காற்று வெளியே போகிற சத்தம் நிற்கும் வரை தட்டி, அப்புறம்தான் மறுமுனை. நீளவாக்கில் இரண்டு நூல், குறுக்கே ஐந்தாறு சுற்று, ரொம்ப இறுக்கக் கூடாது, வேகும்போது உப்பும். அரைக் கிலோ உருளைக்கு கொதிக்கிற தண்ணீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல், நடுவில் 75 டிகிரி வந்தால் போதும். எடுத்துத் தொங்கவிட்டு ஆறவைத்தார்.

மறுநாள் காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டினோம். ஆன்ட்டியின் உருளை, கத்தி இறங்கும்போதே ஒரு எதிர்ப்பு, வெட்டிய முகம் வழவழப்பாக, ஆங்காங்கே குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். அந்தக் குழிகள்தான் தரத்தின் அடையாளம் என்று வியட்நாமில் பார்ப்பார்கள். வில்லையை இரண்டாக மடித்தார், முறியவில்லை. எங்கள் உருளையின் இலையை அவிழ்த்ததுமே அடியில் ஒரு கரண்டி தண்ணீர். வெட்டிய முகம் பொரபொரவென்று, மடித்தால் நடுவில் விரிசல். ருசி ஒன்றுதான், பதம் வேறு. ஒரே பன்றி, ஒரே மசாலா, ஒரே மிஷின், ஒரே பானை. நடுவில் நின்றது கேமரா மட்டும்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தத் துள்ளலைக் குறுக்கு வழியில் கொண்டுவர வெண்காரம் (போராக்ஸ் என்கிற ரசாயனம்) போடுகிற வழக்கம் வியட்நாமில் இருந்தது, தடை செய்தும் இன்னும் அவ்வப்போது பிடிபடுகிறது. குளிர்ச்சி மட்டும் சரியாக இருந்தால் அதற்குத் தேவையே இல்லை என்பதற்கு இந்த இரண்டு வில்லைகளைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே அந்த ஒப்பீட்டை வீடியோவில் அப்படியே வைத்தோம். உடைந்த உருளையைக் காட்டினால் சேனலுக்கு அசிங்கம் என்று கிரேக்கப் பையன் சொன்னான், மூணுக்கு ஒண்ணு என்று தோற்றான்.

வெளிச்சம், சத்தம், கை

தொழில்நுட்பத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மூன்று விஷயம் மட்டும். போன் கேமராக்கள் பொதுவாக நொடிக்கு 30 ஃப்ரேம் என்று வைத்திருக்கும், ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சமையலறை ட்யூப் லைட்டில் பட்டைப் பட்டையாக ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றினால் நின்றுவிடும். நாலு போனிலும் ஒரே மாதிரி வைக்காவிட்டால் எடிட்டில் ஒட்டாது. இரண்டாவது, ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் சா லுவா பச்சை தட்டித் தெரியும், அது இயல்பில் வெளிறிய இறைச்சி, கொஞ்சம் பிசகினாலும் கெட்டுப்போனது போலத் தோன்றும். பல்பை அணைத்துவிட்டோம்.

மூன்றாவது சத்தம். "உந்த ஃபேனை நிப்பாட்டுங்கோ தம்பி, அதின்ரை இரைச்சல்தான் முழுக்க வருது" என்று அண்ணா புகைபோக்கி விசிறியைப் பற்றி மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான், ஆனால் அதை நிறுத்தினால் ஈரல் வதங்கும் புகையில் லென்ஸ் மங்குகிறது. வதக்குகிற இடத்தில் விசிறி ஓடட்டும், பேச்சைப் பிறகு சேர்ப்போம் என்று சமாதானமானோம். அதைவிடப் பெரிய தலைவலி, நாலு பேரும் அவரவர் கேமராவைப் பார்த்து ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னது. ஒருவர் மைக்கில் மற்ற மூவர். ஒரு கட்டத்துக்கு ஒருவர் மட்டும் பேசுவது, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கை வேலை செய்வது, எடுத்ததெல்லாம் எல்லாருக்கும் பொது என்று விதி போட்டோம். இதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நல்ல ஷாட் ஒன்று சிக்கிய பிறகு அதைப் பங்கு போடுவது கஷ்டம்.

முட்டைச் சண்டை

மஞ்சள் கரு சாஸ்தான் ரோலின் ரகசியம் என்று எல்லா வீடியோவும் சொல்லும். அது பச்சை முட்டை என்பதை அழுத்திச் சொல்கிறவை குறைவு. 2007இல் சிட்னியில் ஒரே பேக்கரியின் ரோல்களைச் சாப்பிட்டு முந்நூறு பேருக்கு மேல் சால்மொனெல்லா என்ற கிருமியால் நோயில் விழுந்தார்கள், சந்தேகம் பச்சை முட்டை மேயோனைஸ் மேல். 2024இல் வியட்நாமின் லாங் கான் நகரத்தில் ஒரே கடையின் பான் மி சாப்பிட்ட ஐந்நூறு பேருக்கு மேல் நோய்ப்பட்டார்கள், அதுவும் சால்மொனெல்லாதான். நியூ சவுத் வேல்ஸ் உணவுத் துறை கடைகளுக்குச் சொல்வது: பச்சை முட்டை சாஸில் வினிகரோ எலுமிச்சையோ சேர்த்து அமிலத்தன்மையைப் பி.எச். 4.2க்கோ அதற்குக் கீழேயோ கொண்டுவர வேண்டும், 5 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும், 24 மணி நேரத்தில் தூக்கிப்போட வேண்டும். மற்ற பண்டங்களுக்கும், குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரம் வரை இருந்தால் திரும்ப வைக்கலாம், இரண்டிலிருந்து நாலு மணி என்றால் உடனே தின்றுவிட வேண்டும், நாலைத் தாண்டினால் குப்பை.

படப்பிடிப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொருட்களை எல்லாம் மேஜையில் அழகாகப் பரப்பி மேலிருந்து ஒரு ஷாட் எடுப்போமே, அதற்கே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் அதே பாதேயை, அதே சாஸை எடுத்துத் தடவித் தின்கிறோம். அலங்கார ஷாட்டுக்குத் தனிக் கிண்ணம், தின்பதற்குத் தனிக் கிண்ணம் என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. யாரும் செய்வதில்லை, பொருள் வீண் என்று நினைக்கிறார்கள்.

சாஸில் என்ன செய்வது என்பதில் நாங்கள் கொஞ்சம் கடுமையாகவே வாதாடினோம். ஆன்ட்டி நாற்பது வருஷமாகப் பச்சை முட்டையில் செய்கிறார், அவர் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, அதை மாற்றிக் காட்டினால் அது அவருடைய செய்முறை இல்லை என்றாள் தோழி. நான் எதிர்க்கட்சி. வீட்டுக்கு ஆறு ரோல் செய்து அன்றைக்கே தின்பதும், முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு இப்படிச் செய்யுங்கள் என்று சொல்வதும் ஒன்றில்லை, அதிலும் சென்னை வெயிலில் இதைப் பார்த்துச் செய்கிறவர் இருப்பார். பாஸ்டுரைஸ் செய்த (கிருமி சாகும்படி லேசாகச் சூடுபடுத்திய) முட்டையில் செய்து, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் நிறைந்த தட்டின் மேல் கிண்ணத்தை வைத்து எடுத்தோம். ருசியில் ஆன்ட்டிக்கு வித்தியாசம் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

சனி காலை

ஏழு மணிக்கு ரொட்டி வந்தது, இன்னும் வெதுவெதுப்பாக, காகிதப் பையின் வாயைத் திறந்தபடி. மூடினால் ஆவியிலேயே தோடு நமுத்துவிடும் என்பது கிரேக்கப் பையனுக்குத் தெரிந்திருந்தது. ரோல் கட்டுகிற வரிசையில் ஆன்ட்டி பிடிவாதம்: ரொட்டியை முழுசாகப் பிளக்கக் கூடாது, சாஸும் பாதேயும் உள்சுவர் இரண்டிலும் ஓரம் வரை, அந்தக் கொழுப்புதான் ஊறுகாய்த் தண்ணீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கிறது. ஊறுகாயைக் கைப்பிடியில் எடுத்து ஒரு முறை பிழிந்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். மேகி சாஸ் ரொட்டியில் படக் கூடாது, இறைச்சி மேல்தான்.

கட்டிய ரோல் அரை மணி தாங்காது என்பதால் முதலில் கட்டியதெல்லாம் கைகளுக்கும் மேலிருந்து எடுக்கும் ஷாட்டுகளுக்கும் போயிற்று, கடிக்கிற ரோலை மட்டும் கடைசியில், கேமரா ஓட ஆரம்பித்த பிறகு கட்டினோம். கடிக்கும் சத்தத்தைத் தனியாகப் பிடித்தோம்: தோழியின் படுக்கையறை அலமாரியைத் திறந்து வைத்து, தொங்குகிற துணிகளுக்கு நடுவில் மைக்கை வைத்து, அவள் தலையை உள்ளே விட்டுக் கடித்தாள். துணி எதிரொலியை விழுங்கிவிடும். அந்தச் சத்தம் வீடியோவில் இருக்கிற எல்லாப் பேச்சையும்விட நன்றாக வந்திருக்கிறது. அலமாரியில் சிந்திய கொத்தமல்லியைப் பற்றி ஆன்ட்டி வியட்நாமிய மொழியில் சொன்னதும் நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

ஆன்ட்டி முதலிலேயே நிபந்தனை போட்டிருந்தார்: முகம் வரக் கூடாது, கை மட்டும். எடிட் முடிந்ததும் அவரை உட்காரவைத்து முழுசாகப் போட்டுக் காட்டினோம். வெட்டச் சொன்னது ஒரே ஒரு இடம்தான், மிச்சக் கொழுப்பைக் குப்பையில் போடப் போன மகளைத் திட்டுகிற காட்சி. வெட்டிவிட்டோம், அது எனக்குப் பிடித்த காட்சி என்றாலும். யாருடைய கை, யாருடைய செய்முறை என்பதை நாலு பேரும் ஒரே மாதிரி எழுத வேண்டும், அவரவர் "எங்கள் ரெசிப்பி" என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்பதும் பேசி வைத்ததுதான்.

செலவு நாலாகப் பிரிந்தது, அண்ணா கறிக்காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மெமரி கார்டு வாங்கிக் கொடுத்தார். அடுத்தது பன்றிக் காது, நாக்கு எல்லாம் போட்டு அழுத்திக் கட்டுகிற தலைக்கறி ரோல். ஆன்ட்டி ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் ஒரே கேமராதான் உள்ளே வர வேண்டுமாம், மற்ற மூணு பேரும் கேரட் நறுக்க வேண்டுமாம்.